தங்கையின் வழியாகப் போன மின்னஞ்சல்கள்

எனக்கும் என் தங்கைக்கும் ஒரே தொழில். நான் பழவேற்காட்டில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்பு கொடுக்கிறேன். ஏரியைத் தாண்டிப் பசியாவரம் வரைக்கும் என் இணைப்பு போகிறது. அவள் கல்யாணமாகிப் போன அனுப்பம்பட்டில் அதையே செய்கிறாள். நான் ஆரம்பித்த பிறகுதான் அவள் ஆரம்பித்தாள். ஆனாலும் எங்கள் நைனா வெளியாரிடம் பெருமை பேசும்போது அவளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு, கதவு எண் மாதிரி. அந்த எண்களை நான் சென்னையில் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்திருந்தேன். தங்கை சொந்தமாகவே வாங்கினாள். வீண் செலவு என்று நான் அப்போது சொன்னேன்.

ஒருநாள் காலையில் நண்டு வியாபாரி ஆபீசுக்கு வந்தார். ஏரி நண்டை உயிரோடு சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்பவர். விமான விவரத்தோடு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

"நண்டு கூடையில செத்துனு இருக்குது, அங்க வாங்குறவனுக்கு மெயிலு போவல. நான் இன்னாமா பண்றது?"

தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தச் சென்னைக் கம்பெனியிடம் என்னைப் போலவே எண்களை வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, குப்பை மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளியிருக்கிறான். குப்பை அனுப்புகிறவர்களைக் கண்காணிக்கிற வெளிநாட்டு அமைப்பு ஒன்று, அவனுடைய எண்ணோடு நிற்காமல் அந்தக் கம்பெனியின் எண் வரிசையையே கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. என் எண்களும் அதே வரிசையில்தான் இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்து மின்னஞ்சலை வாங்குகிற சர்வர் கணினிகள் என்னிடமிருந்து வருவதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பின.

அந்த அமைப்புக்கு எழுதினேன். எண்களின் உரிமையாளர்தான் எழுத வேண்டும் என்று பதில் வந்தது. சென்னைக் கம்பெனியைக் கூப்பிட்டால் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். நண்டு வியாபாரி பொறுக்கவில்லை. தன் மின்னஞ்சலை என் தங்கையின் சர்வருக்கு மாற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் முதலில் என் எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். சிவப்பு. பிறகு அவளுடைய எண்ணைப் போடுவேன். பச்சை. அவளுடையதைப் பார்க்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஒருநாளாவது சிவப்பாகாதா என்றுதான் பார்த்தேன்.

அவளே போன் செய்தாள். வியாபாரி சொல்லித்தான் தெரிந்தது என்றாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? உன் மெயிலு எல்லாத்தையும் என் சர்வருக்குத் திருப்பிவுடு. என் எண்ணுலருந்து போவட்டும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆபீஸ் வாசலில் ஐஸ் கம்பெனிக்காரரும் படகு இன்ஜின் விற்பவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல்களும் போகவில்லை. சரி என்றேன்.

என் வாடிக்கையாளர்களின் கடிதங்கள் எல்லாம் வாரக்கணக்கில் அவள் எண்ணிலிருந்தே போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் எனக்குப் பற்றியெரிந்தது. "இப்ப சரியா போவுதும்மா" என்று ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் சென்னைக் கம்பெனி அந்தக் குப்பைக்காரனை வெளியேற்றியது. ஒரு காலையில் என் எண்ணும் பச்சையானது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் என் சர்வருக்கே திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலமே கூப்பிட்டாள். "உங்கிட்டேருந்து மெயிலு ஒண்ணும் வரலியே. இன்னாக்கா ஆச்சு?"

"எங்க எண்ணை பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க."

"அப்பாடா," என்றாள். சிரித்தாள். உண்மையான சந்தோஷம்தான் அது. சிறு வயதிலிருந்து கேட்ட சிரிப்பு, எனக்குத் தெரியாதா. அவள் கொஞ்சமாவது குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நண்டு வியாபாரி திரும்பி வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பார், தங்கையையும் சேர்த்தே விசாரிப்பார். இந்த வருஷம் நானும் சொந்த எண்களுக்கு மனு போட்டிருக்கிறேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.