அக்காவும் அவர் வாங்கிய பழைய துவக்கும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பலர் ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியிலுள்ள வீட்டில் அவருடைய கையால் சாப்பிட்டவர்கள். சிலர் அவருடைய துவக்கை, அந்த வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிக் கதைத்தவர்களும்கூட. "ஒரு பொம்பிளைக்கு இதென்ன வேலை?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அதற்கான பதிலை, அவருடைய தம்பியாகிய நான் இந்த நினைவு மலரில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், கடைசி நான். எங்களைப் பெற்ற ஐயா வீட்டு வாசல் படலையடியில் துவக்குச் சூடுபட்டு விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் அக்கா. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவர் அதன் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. அத்தானைத் திருமணம் செய்து நோர்வேக்கு வந்தார். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பின்னர் ஒஸ்லோவில் முதியோர் இல்லம் என்று ஓயாமல் உழைத்தார். என்னை இங்கு எடுப்பித்துப் படிக்க வைத்தவரும் அவரே.

இவ்வளவும் துணிந்து செய்தவருக்குத் திடீர்ச் சத்தம் மட்டும் தாங்காது. கதவு அடித்துச் சாத்தினால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். புத்தாண்டுக்கு ஊரெல்லாம் வாணம் விடும்போது அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய சின்ன மகளும் தாயோடு உள்ளே போய்விடுவாள். ஒருமுறை அவள் என்னிடம், "மாமா, வெளியிலை ஆர் நிக்கினம்? ஏன் நாங்கள் ஒளிக்கிறம்?" என்று கேட்டாள். அது அக்காவின் காதில் விழுந்தது.

"என்ரை பயத்தை இவளுக்கும் பழக்கிப்போட்டன்," என்றார்.

முதியோர் இல்லத்தில் அக்காவுடன் வேலை செய்த இங்கர் என்ற நோர்வேஜியப் பெண் வேட்டைக்காரி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எல்க் என்ற பெரிய காட்டுமானைத் தேடி ஒரு குழுவோடு கிழக்குக் காடுகளுக்குப் போவார். ஓராண்டு அக்காவையும் கூட்டிப்போனார். அக்கா அவர்களுடைய மரவீட்டில் சமைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக, "நான் துவக்கு எடுக்கப் போறன்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? துவக்குக்குப் பயந்தெல்லோ இஞ்சை ஓடி வந்தனாங்கள்," என்றேன்.

"அதுக்குத்தான் தம்பி. அது என்ன சாமான் எண்டு நான் ஒருக்காலும் கிட்ட நிண்டு பாக்கேல்லை. இங்கர் கழட்டிக் காட்டினவ. மரமும் இரும்பும்தான். நானும் தொட்டுப் பாத்தனான்."

நான் அத்தானைப் பார்த்தேன். "அவ முடிவெடுத்திட்டா. நீ காரை எடு," என்றார் அவர்.

அவசரப்பட்டுச் செய்த காரியம் அல்ல அது. வேலை முடிந்து வேட்டை வகுப்புக்குப் போனார். காட்டு விலங்குகளின் பெயர்களை நோர்வேஜிய மொழியில் சமையலறையில் நின்று பாடமாக்கினார். முதல் தேர்வில் தவறி, அடுத்ததில் சித்தியடைந்தார். பொலிஸ் அனுமதியும் கிடைத்த பிறகு, பழைய துவக்கு ஒன்றுக்கான பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து நாங்கள் திராமன் நகருக்குப் போனோம். விற்றவர் கணவரை இழந்த ஒரு முதிய பெண். துவக்கின் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. தோளில் அணைக்கும் மரத்தில் பள்ளங்கள். குழலில் துருப் புள்ளிகள்.

"புதுசாப் பாத்து வாங்குங்கோவன்," என்று மெல்லச் சொன்னேன்.

"புதுசெண்டால் கழட்ட மனம் வராது. இதை நான் கழட்டிப் பாக்க வேணும்," என்றார்.

துவக்குத் திருத்துபவர் ஒருவர் அதைப் பரிசோதித்து, குழல் நல்லது, மரம்தான் கெட்டுக் கிடக்கிறது என்றார். அந்த வசந்தகாலம் முழுவதும் அக்கா பல்கணியில் அந்த மரத்தோடு இருந்தார். பழைய வார்னிஷைச் சுரண்டினார். பள்ளங்களின் மேல் ஈரத்துணியைப் போட்டு அயன் பெட்டியை வைத்தார். ஆவி பட்டு மரம் ஊறி மேலே எழும்பியது. அதே அயன் பெட்டியால் அத்தான் கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சட்டையை அழுத்தி, முதுகில் பழுப்புக் கறையோடு சாமி கும்பிட்டது தனிக் கதை.

முதலில் றப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்தார். வார்னிஷ் கையில் ஒட்டும் என்பது அவர் சொன்ன காரணம். அரத்தாள் போட்டு முடித்து, ஆளிவிதை எண்ணெய் பூசும் நாளில் இங்கர் தொலைபேசியில், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும் என்றார். அக்கா கையுறையைக் கழற்றினார். வெறுங்கையால் தேய்க்கத் தேய்க்க, கறுத்துக் கிடந்த மரத்தில் தேன் நிறத்தில் வரிகள் தெரியத் தொடங்கின.

"அம்மா, வடிவா இருக்கு!" என்று மகள் ஓடி வந்தாள்.

"ஓம், வடிவாத்தான் இருக்கு," என்றார் அக்கா. அவரே அதை எதிர்பார்க்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சுடுதிடலில் முதல் வெடி வைத்த அன்று நானும் போயிருந்தேன். வெடித்ததும் துவக்கைப் பத்திரமாகக் கீழே வைத்தார். எழுந்து மரங்களுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தார். நான் காரைத் திறந்து வைத்திருந்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து திரும்பிப் போய்ப் படுத்து, "இன்னொண்டு," என்றார்.

முதல் இலையுதிர் காலத்தில் அவருக்கு முன்னால் ஒரு பெண் எல்க் கன்றோடு வந்தது. கன்றுக்குத் தாய் வேண்டும் என்று விட்டுவிட்டார். பின்னொரு ஆண்டு ஒரே வெடியில் ஒன்றை வீழ்த்தி, அதன் அருகில் கைகூப்பி நின்றாராம். அந்த இறைச்சியை யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்தபோது, முன்பு குறை சொன்னவர்களே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தப் புத்தாண்டுக்கு அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பல்கணியில் நின்று வாணம் பார்த்தார். ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிட்டார்தான். உள்ளே மட்டும் போகவில்லை.

நோய் வந்த பிறகும் ஓர் இலையுதிர் காலம் அவருக்குக் கிடைத்தது. நடக்க முடியாதவருக்குக் குழுவினர் காட்டுக்குள் கதிரை கொண்டுபோய்ப் போட்டார்கள். வைத்தியசாலையில் ஒரு மத்தியானம், "பயமா இருக்கோ அக்கா?" என்று கேட்டேன். "இருக்கு. நேத்தையிலும் பாக்கக் குறைவு," என்றார். இரண்டொரு நாளில் அத்தானும் மகளும் பக்கத்தில் இருக்க அமைதியாகக் கண்மூடினார்.

அவரை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய எல்லிங்ஸ்ருட், பியோர்ண்டால் பகுதிக் குடும்பங்களுக்கும், கிரியைகளில் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. இங்கருக்கும் குழுவினருக்கும் தனியாக ஒரு நன்றி உண்டு. திவசத்துக்கு என்ன கொண்டு வரலாம் என்று அவர்கள் கேட்டார்கள். இன்று மரக்கறிச் சாப்பாடு, இறைச்சி ஆகாது என்று சொன்னேன். போன வாரம் எல்லோருமாகக் காட்டுக்குப் போய், தித்தெபார் என்று இங்கே சொல்லும் சிறிய சிவப்புப் பழத்தை வாளி வாளியாகப் பறித்துக்கொண்டு வந்து தந்தார்கள். அக்காவின் மகள் அதை மிளகாயும் கடுகும் போட்டு ஊறுகாயாக்கியிருக்கிறாள். உங்கள் இலையில் ஓரமாகச் சிவப்பாக இருப்பது அதுதான். கொஞ்சம் புளிக்கும். எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள்.