தானாக நின்றுகொண்டாள் என்றார்கள்

பட்டுப்புடவையை விரித்துக்கொண்டிருந்த ஒரு கை பாதியில் அப்படியே நின்றுபோனதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சிம்மக்கல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு எதிரே புடவைப் பிரிவில் நின்ற அக்கா வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அப்போது ஐந்தாம் மாதம். மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா வர்றவுக என்னம்மா நெனைப்பாக? நாளையிலருந்து வரவேணாம். பிள்ளையப் பெத்துட்டு வா, அப்பப் பாப்போம்."

"நான் என்ன சீக்காளியா சார்? வேலையில ஒருநாளும் குறை வச்சதில்லயே" என்றாள் அக்கா. அவர் அதற்குள் நகர்ந்துவிட்டார்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ்தான் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாள்: பேறுகால விடுப்பும் அதற்கான சம்பளமும் உன் உரிமை, முதலில் முதலாளிக்கு எழுதிக் கொடு, அசையாவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போ என்று. எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்த அன்று மாலை எனக்கு போன் வந்தது.

"அவரு பேசுனத நீ கேட்டன்னு எனக்குத் தெரியும். வந்து சொல்லுன்னு கட்டாயப்படுத்தல. வரமுடியாதுன்னா இப்பவே சொல்லிப்புடு தங்கச்சி. உன்னைய நம்பிக்கிட்டு அங்க போயி நிக்கக்கூடாதுல்ல."

"வாரேன்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வீட்டில் அப்பா வாதத்தில் படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மறுநாளிலிருந்து மேனேஜர் என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் பில்லில் தப்பு விழுந்தது. கோரிப்பாளையம் நெரிசலில் பஸ் நிற்கும்போது, பேச வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும்.

விசாரணையில் மேனேஜர், "அவளாத்தான் மேடம் நின்னுக்கிட்டா. உடம்புக்கு முடியலன்னு சொன்னா" என்றார். தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா என் பக்கம் திரும்பினார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் காட்டி என்னை நெருக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. மேனேஜர் அன்று பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"திரும்ப வேலைக்கு எடுத்துக்கிறீங்களா, இல்ல நான் மேல நடவடிக்கை எடுக்கவா?" என்று ஆய்வாளர் அவரிடம் கேட்டார்.

எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தோடு விடுப்பும் கிடைத்தது. பெண் குழந்தை பிறந்தது.

என் பயம் மட்டும் தீரவில்லை. என்னை மாடியில் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் காலையில், மத்தியானம் வந்து தன்னைப் பார்க்கும்படி மேனேஜர் சொல்லியனுப்பினார். படிக்கட்டில் நின்று அக்காவுக்கு போன் செய்தேன். பச்சை உடம்புக்காரி என்ன செய்வாள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"பயப்படாத. எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத. நான் வாரேன்."

மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். "கடையில ஆள் குறைக்கிறோம்" என்று ஆரம்பித்த மேனேஜர் நானாகவே வேலையை விடுவதாக எழுதிய ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் கடை வாசல் தெரிந்தது. உச்சி வெயிலில், துண்டு போர்த்திய கைக்குழந்தையோடு அக்கா வந்து நின்றாள். வாட்ச்மேன் தன் நாற்காலியை இழுத்துப் போட, அதில் உட்கார்ந்தாள். என் பார்வை போன திசையில் மேனேஜரும் திரும்பினார். அக்காவையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"போ. போயி வேலையப் பாரு."

கீழே இறங்கி அக்காவிடம் போனேன்.

"என்ன சொன்னாரு?"

"வேலையப் பாக்கச் சொன்னாருக்கா."

"அப்பப் போயிப் பாரு. நான் செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்று குழந்தையை மடியில் மாற்றிக் கிடத்திக்கொண்டாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். மேனேஜர் கூப்பிட்டால் இன்றும் போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் அறைக்குப் போவேன்.