அடுத்தவன் கையில் என் சம்மட்டி

குடலிறக்கத்துக்கு அறுவை செய்த துரை டாக்டர், இரண்டு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுரங்கத்தில் என் இடத்தில் முனுசாமி என்ற புது ஆள் சம்மட்டி அடிக்கிறானாம். அவனே நிலைத்துவிடுவானோ என்ற பயத்தில், இருபதாம் நாளே வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுரங்க வாயான ஷாஃப்டுக்குப் போனேன். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்காக நின்றிருந்த அவன் கையிலிருந்து என் சம்மட்டியைப் பிடுங்கினேன்.

அவன் சண்டைக்கு வரவில்லை. இடுப்புத் துணியைச் சற்று இறக்கிக் காட்டினான். எனக்கிருப்பது போலவே அடிவயிற்றில் ஒரு தழும்பு; அதன்மேல் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு.

"நானும் உன்ன மாதிரி அவசரப்பட்டு வந்தவன்தாண்ணே. திரும்ப எறங்கிடுச்சு. நீ வூட்டுக்குப் போய்ப் படு. உன் எடம் எங்கியும் போவாது."

சம்மட்டியை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இன்றுவரை என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அவனையும் படுக்கச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.