இளம்பச்சையில் ஒரு வசனம்

கடவுள் சொல்லாத ஒன்றை, அவர் சொன்னதாக என் கையால் எழுதி என் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, கீழ்ப்படிந்தாள். இருபத்து நான்கு வருடமாகக் கீழ்ப்படிந்துகொண்டே இருக்கிறாள்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போதகரிடம் இல்லை, கணவரிடம் இல்லை, முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொள்ளும்போதும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்ற துணிச்சல்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அட்டைக்கு ஒரு வசனம் எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்கென்று சொன்ன வார்த்தை அது. வர முடியாதவர்களுக்கு வீட்டார் எடுத்துப் போகலாம்.

திண்டிவனத்தில் எங்களுடையது சின்ன சபை. அச்சடித்த அட்டை வாங்க மாட்டோம். போதகர் வசனங்களைக் குறித்துக் கொடுப்பார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம்தான் எழுதத் தருவார்கள். சார்ட் பேப்பரை வெட்டி, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மூலையில் ஒரு பூப் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊரில் பாதி வீட்டுச் சுவரில் என் கையெழுத்து ஒட்டியிருந்ததே!

தொண்ணூற்று மூன்று முடிகிற சமயம். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, தினமும் ரயிலில் போய் வருவேன். தங்கை ஜெயசீலி நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரிசாவில், மலைமேல், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. பொங்கலுக்குள் பதில் எழுத வேண்டும்.

ஜெயா அந்த ஊர் எழுத்தை ஒரு நோட்டில் எழுதிப் பழக ஆரம்பித்திருந்தாள். வட்டம் வட்டமான எழுத்து. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே இடது கையால் தொடையின் மேல் எழுதிப் பார்ப்பாள். அப்படி ஒரு ஆசை.

இருந்தும் அவள் தானாக முடிவெடுக்கவில்லை. புத்தாண்டு காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, எனக்கும் சேத்து ஒரு கார்டு எடுத்துக்கினு வா. அதுல இன்னா வருதோ அதான். போன்னா போறேன், இருன்னா இருக்கறேன். அப்புறம் எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

"அதெல்லாம் வெளையாட்டா?" என்றேன்.

"வெளையாட்டு இல்லக்கா. அவரு சொன்னா செய்யணும். அவ்ளோதான்."

அன்று போதகர் வழக்கம்போல எச்சரித்தார். "இது கிளி ஜோசியம் இல்லீங்க. எடுத்துக்கினு போய் பொட்டியில பூட்டி வெக்காதீங்க, அதும்படி நடங்க." எல்லோரும் சிரித்தோம். வரிசையில் போனேன். எனக்கு ஒன்று எடுத்தேன். பிறகு கண்ணை இறுக மூடி, ஜெயாவுக்காக ஒன்று எடுத்தேன்.

என் அட்டையில் என்ன இருந்தது? இன்றுவரை நினைவில்லை. அவளுடையது நினைவிருக்கிறது. சொந்த ஊரையும் உறவையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு, நான் காட்டும் இடத்துக்குப் போ என்று, வேதத்தில் வரும் அந்தப் பழைய முற்பிதாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை! என் கையெழுத்து. என் பச்சை மை. என் பூ.

அவர் பதில் சொல்லிவிட்டார். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்?

வெளியே கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி அறைக்குள் போனேன். அலமாரியில் எழுதாத அட்டைகள் மிச்சம் இருந்தன. பேனா காய்ந்து கிடந்தது. முனையை நாக்கில் நனைத்து நனைத்து எழுதினேன். இருக்கிற இடத்திலேயே தங்கியிரு, அங்கேயே உன்னை ஆசீர்வதிப்பேன் என்கிற பொருளில் வரும் ஒரு வசனத்தை. மூலையில் பூவும் போட்டேன். ஆமாம், பூவையும் மறக்கவில்லை!

கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். நடுங்கவில்லை. பிழையில்லாமல் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து கொடுத்தேன். ஜெயா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததைப் பார்த்தேன். பிறகு... நீங்கள் நம்ப மாட்டீர்கள், சிரித்தாள். "சரி ஆண்டவரே" என்று மெல்லச் சொன்னாள். ஒரே ஒரு தரம்தான். அன்று சாயங்காலமே 'வர இயலவில்லை' என்று கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டாள். அந்த வட்ட எழுத்து நோட்டின் பின்பக்கங்களில் அம்மாவின் மாத்திரை நேரங்களைக் குறிக்கத் தொடங்கினாள்.

அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! எனக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவர் அம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், "நோயாளிய எல்லாம் எங்க வூட்ல வெச்சிக்க தோதுப்படாதும்மா" என்று. ஜெயா போய்விட்டால் அம்மா என் பொறுப்பு. கல்யாணம் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். மே மாதம் என் திருமணம் நடந்தது. மணமகள் தோழியாக ஜெயா என் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் சொன்ன பாடம் எது தெரியுமா? படைப்பு. பத்தாம் வகுப்பு முடித்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றுமில்லாத இருட்டில் அவர் சொன்னார், வெளிச்சம் வந்தது. சொன்னார், கடல் ஒதுங்கியது. சொன்னார், புல்லும் மரமும் முளைத்தன. ஒருமுறை ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், யாருமே மாட்டேன்னு சொல்லலியா?"

"இல்லடி. கடலு கேட்டுது, காத்து கேட்டுது, எறும்புகூட கேட்டுது. மனுசன் ஒருத்தன்தான் மாட்டேன்னான்."

நான் சொன்ன பதில்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருத்தி கடலைப் போல, வெளிச்சத்தைப் போல, ஏன் என்று கேட்காமல் கீழ்ப்படிந்தாள். ஆனால் அந்தக் கட்டளை அவருடையது அல்ல. என்னுடையது. படைத்தவருக்கு மட்டுமே உரிய பணிவை நான் இடைமறித்துத் திருடிக்கொண்டேன். பணத்தைத் திருடியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

தொண்ணூற்று ஆறில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். ஜெயா வேலை பார்த்த நர்சிங் ஹோமில்தான் பிரசவம். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. குழந்தை நீலமாக வெளியே வந்தது, அழவில்லை. எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல் டாக்டரம்மா என்னோடு போராடிக்கொண்டிருந்தார். குழந்தையை ஜெயாதான் அதே அறையின் மூலை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சளியை உறிஞ்சி எடுத்து, அந்தச் சின்ன வாயில் தன் மூச்சை ஊதினாள். ஊதினாள்... ஊதினாள்... ஊதிக்கொண்டே இருந்தாள்.

மண்ணில் மூச்சை ஊதி மனிதனை உண்டாக்கினார் என்று எத்தனை ஞாயிறு சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்று கண்ணால் பார்த்தேன். என் மகள் கிருபா அழுதாள்.

அதிலிருந்து சபையில், சொந்தத்தில், எல்லோருக்கும் ஒரே பேச்சு. "பாத்தியா, அன்னிக்கு ஜெயா போயிருந்தா இந்தப் புள்ள ஏது? ஆண்டவரு கணக்கே வேற!" ஜெயாவும் அப்படியே நம்பினாள். அம்மா பதினோரு வருடம் அவள் கையில் சோறு தின்று, அவள் மடியில் உயிர் விட்டார். ஜெயா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டிவனத்தில் பல தெருக்களில் அவள் கையில் விழுந்த பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறார்கள். வழியில் பார்த்தால் சிஸ்டரம்மா என்று சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

நீங்களும் அதையே சொல்ல வருகிறீர்கள், இல்லையா? ஒன்றுமில்லாததிலிருந்தே உலகத்தைப் படைத்தவருக்கு, ஒரு பொய்யிலிருந்து ஒரு குழந்தையைத் தர முடியாதா என்று?

முடியும். தந்திருக்கிறார், என் வீட்டிலேயே இருக்கிறாள். ஆனால் அது அவருடைய வல்லமை. என் விடுதலை அல்ல! அந்த மலையில் மூச்சு ஊத ஆளில்லாமல் எத்தனை குழந்தைகள் நீலமாகவே போயினவோ, அதையும் அவர் அறிவார். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

வெறும் அட்டைதானே, சீட்டு மாதிரி எதையோ எடுத்தோம், அதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்றும் சில நாள் என்னை நானே தேற்றிப் பார்த்தேன். வெறும் அட்டை என்றால் ஏன் மாற்றினாய்? அப்படியே கொடுத்திருக்கலாமே! அது அவர் குரல் என்று நான் நம்பியதால்தான் மாற்றினேன். நம்பாதவள் செய்திருந்தால் குறும்பு என்று விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுத வந்த பிறகு மறைப்பானேன். கல்யாணம் மட்டும் காரணம் இல்லை. அத்தனை வருடம் அவர் புகழைப் பாடமாகச் சொன்னவள் நான். ஒருமுறைகூட அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோயிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற ஜெயாவைக் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

என் பேனா காய்ந்திருந்ததால் ஜெயாவின் அட்டையில் எழுத்து வெளிறித்தான் இருக்கும். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் தெரியுமா? "எல்லாருக்கும் கரும்பச்சயா வந்துது, எனக்கு மட்டும் இளம்பச்ச. அப்பதான் மொளச்ச நாத்து மாதிரி." இதை, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் சபையின் முன்னால் எழுந்து நின்று சொன்னாள். என் எச்சிலின் நிறம் அது! நான் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் என்றேன்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், போன மாதம் நடந்ததால்.

கிருபா நர்சிங் முடித்துவிட்டாள். சித்தியைப் பார்த்து வளர்ந்தவள், வேறெதைப் படிப்பாள்? அவளுக்கும் வடக்கே ஒரு மலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அதே ஆஸ்பத்திரி இல்லை, ஆனால் அதே மாதிரி ஒரு மலை. எனக்கு ஒரே பிள்ளை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போ என்றும் வரவில்லை. கிருபா சித்தியிடம் கேட்கலாம் என்றாள். திண்டிவனம் போனோம்.

ஜெயா தன் வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்தாள். ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

"எனக்கும் ஒன் வயசுல போவணும்னு உசுரா இருந்துதுடி. அவரு இருன்னாரு. இருந்தேன். அதனாலதான் நீ இங்க ஒக்காந்து பேசிக்கினு இருக்கறே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத வெச்சிக்கினு ஜெபம் பண்ணு. அவரு சொல்றபடி செய்."

கிருபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஜெயாவும் பார்த்தாள், என்னை ஏதாவது சொல்லச் சொல்கிற மாதிரி. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையான அட்டை விழுப்புரத்தில் என் சான்றிதழ் ஃபைலுக்குள், பி.எட். பட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் கிழித்துப் போடவும் எனக்குப் பயம். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்...

வாயைத் திறந்தேன்.

"டீ போடட்டுமா?" என்றேன்.

ஒரு வாரம் கிருபா உபவாசம் இருந்து ஜெபித்தாள். அந்த அட்டையைக் கைப்பேசியின் கண்ணாடி உறைக்குள், முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் போனைக் காதில் வைக்கும்போதெல்லாம் என் கையெழுத்து எனக்கு நேராக நிற்கும். எட்டாம் நாள் காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து என் தோளில் தலை சாய்த்தாள்.

"ம்மா, நான் போவலம்மா. சித்தி கார்டு மூலமா பேசிட்டாரு. இருக்க சொல்றாரு. சந்தோசமா இருக்கறேன்."

அவள் குரலில் சந்தோஷம் இல்லை. ஜெயாவின் முகத்தில் அன்று அணைந்ததே, அதே ஒன்று இவளிடமும் அணைந்திருந்தது. எனக்கோ... இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை என்னோடு இருப்பாள்! தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தைக் கிருபாவே நடத்தினாள். வானத்தையும் பூமியையும் வார்த்தையால் உண்டாக்கினவரே, எனக்கும் ஒரு வார்த்தை தந்தீரே, அதற்குக் கீழ்ப்படிய பெலன் தாரும் என்று வேண்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

கடைசியில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் குரல்தான் உரக்கக் கேட்டது.