இரண்டு மூட்டைப் பழைய கரி

சாயப்பட்டறையில் அவளைக் கரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக ஒரே வேலை. மர மில்லிலிருந்து வரும் பட்டைகளை உலர்த்தி, இரும்புப் பீப்பாயில் திணித்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியே தீ மூட்டிக் கரியாக்குவாள். காற்றுப் புகுந்தால் மிஞ்சுவது சாம்பல்தான். கரியை நொறுக்கித் தொட்டியில் நிரப்பிவிட்டால், கழிவுநீர் அதன் வழியே இறங்கும்போது சாயமும் ரசாயன மருந்தும் கரியிலேயே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கால்வாய்க்குப் போகும். கால்வாயின் கீழ்ப்பக்கம் அவள் தங்கை வீடு.

இனி எதுவும் ஒட்டாது என்று ஆன கரியை, மறுபடி சுடுவதற்காக அதே முற்றத்தில்தான் காயப்போடுவார்கள். பழசும் கறுப்பு, புதுசும் கறுப்பு. அதனால் பழைய மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, புதியதற்கு வெள்ளைக் கயிறு. அவளே போட்ட சட்டம் அது.

முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடி, கைக்குக் கிடைத்த கயிற்றால் கட்டி, மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். காலையில் வெள்ளைக் கயிறு கட்டிய ஆறு மூட்டைகளைத் தொட்டியில் கொட்டி அவள் மடையைத் திறந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சிவப்புக் கயிற்று மூட்டையை நகர்த்தியபோது, உள்ளே கரி சடசடவென்று உடைந்தது. புதுக் கரியின் சத்தம். பாட்டிலில் சாயத்தண்ணீர் எடுத்து ஒரு பிடி போட்டுக் குலுக்கினாள். நிறம் வெளிறிப்போனது. அடுத்த மூட்டையும் அப்படியே. அப்படியானால் பழசு இரண்டு மூட்டை தொட்டிக்குள்.

ஓடிப்போய் மடையை மூடினாள்.

"ஏன் மூடுன? மேல கழிவுத் தொட்டி வழியப்போகுது," என்று வந்தார் சாய மாஸ்டர்.

"பழைய கரி உள்ள போயிடுச்சுண்ணா."

"வர்ற தண்ணி பளிச்சுனு இருக்கே. உப்பு போட்டோமானு நாலு தடவ ருசி பாக்குற ஆளு நீ."

"நிறத்த மத்த நாலு மூட்டை பிடிச்சிருக்கும். மருந்து கண்ணுக்கா தெரியுது?"

"முதலாளிகிட்ட நீயே சொல்லிக்க," என்று அவர் நழுவினார்.

அவள் தங்கைக்குப் போன் போட்டாள். "கால்வாய்த் தண்ணியத் தொடாத. தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு."

"ஏன்க்கா? பாப்பாவ இப்பதான் அதுல குளிப்பாட்டித் தூங்க வச்சேன்."

"இங்க வேலை நடக்குது," என்று மட்டும் சொன்னாள் கரியக்கா.

தொட்டியை முழுதாகக் காலி செய்து நிரப்ப மூன்று மணியாயிற்று. முதலாளியின் திட்டு காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, சந்தையில மாடு பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற?" என்று மூன்றாம் நாள் தங்கை சிரித்தாள்.

முழங்காலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு. கொசுக்கடியாக இருக்கலாம். கரியக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"யார் கொட்டினது?"

"நான்தான். கயித்த மட்டும்தான் பாத்தேன்."

தங்கை குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்து, விளக்கடியில் கொண்டுபோய் அந்தச் சிவப்பை அழுத்திப் பார்த்தாள். கரியக்கா எழுந்து இரண்டடி தள்ளியே நின்றாள்.

"காலையில டாக்டர்கிட்ட காட்டுறேன்," என்றாள் தங்கை, திரும்பாமலே. "நீயும் வா. என்ன மருந்துனு அவருக்கு நீதான் சொல்லணும்."