கமெராவுக்குச் சாம்பிராணி போட்ட கதை

மாரி காலத்தில் கல்யாணப் படம் பிடிக்கப் போகிறவளுக்குக் குடை இரண்டு வேண்டும்: நல்லது கமெராவுக்கு, ஓட்டை விழுந்தது தனக்கு. கமெராவைத் தாவணிக்குள் சுற்றிக்கொண்டு சேற்றில் ஓடிய அனுபவம் உள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள், தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் இருப்பது செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, கார்த்திகை பிறந்தால் தலைக்கு மேலேயும் தண்ணீர். இந்தக் காலத்திலும் பிலிம் கமெராதான் தூக்குகிறேன். அதற்கு என் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. வீட்டுப் பெண்ணின் படம் ஊரார் போனில் சுற்றக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. நான் கறுப்பு வெள்ளையில் எடுத்து, என் குளியலறையிலேயே கழுவி, நெகட்டிவை மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிடுவேன். ஒரே சங்கடம், எடுத்தது எடுத்ததுதான். உள்ளே ஈரம் போய் பிலிம் கெட்டால், படத்துக்காக இன்னொரு தரம் தாலி கட்டுங்கள் என்று யாரையும் கேட்க முடியாது.

கூனி மணம்

மழைக்குச் சொப்பிங் பேக்கைப் போல ஒரு உறை கிடையாது. அடியில் ஓட்டை போட்டு, லென்ஸை வெளியே விட்டு, ரப்பர் பட்டி போட்டால் முடிந்தது. கல்குடாவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று, அவசரத்தில் குசினியில் கிடந்த பையை எடுத்துவிட்டேன். அதில் முதல் நாள் கூனி இறால் வந்திருந்தது என்பது கமெராவைக் கண்ணில் வைத்த பிறகுதான் மூக்குக்குத் தெரிந்தது. அந்த வீட்டுப் பூனை நான் போன இடமெல்லாம் வாலை நிமிர்த்திக்கொண்டு கூடவே வந்தது. மாப்பிள்ளை பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்: "அக்கா, படம் எடுத்து முடிஞ்ச மறுகா கறியும் ஆக்குவீங்களா?"

அரிசி வாளி

கல்யாணத்துக்கு முன்பே வட்டையில், நெல் வயலுக்கு நடுவே நின்று படம் எடுக்கிற ஆசை இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. அப்படி ஒரு சோடியை வரம்பில் நிறுத்தி நாலு படம் எடுப்பதற்குள் மழை கொட்டி, பெண் வீட்டுக்கு ஓடினோம். கமெராவில் பட்டது சில துளிதான். துடைத்து மேசையில் வைத்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தால் மேசை வெறுமையாக இருக்கிறது. நனைந்த போனை அரிசிக்குள் வைக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். அரிசி வாளிக்குள் கமெராவைக் கழுத்துவரை புதைத்துவிட்டார்.

தவிடு புகுந்து லென்ஸ் வளையம் கிழமைக் கணக்கில் கறகறவென்று முனகியது. தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தேன். திரும்பக் கண்டபோது மனிதர் உண்மையாகவே வருந்தினார். ஆனால் அவர் வருந்தியது வேறு விஷயத்துக்கு: "பிழை அரிசியிலதான் புள்ள. கீரிச்சம்பாவுக்குள்ள வைச்சிருந்தா ஒரு சொட்டு ஈரம் நிண்டிராது."

ஏசி அறை

குளிரூட்டிய அறையில் மணப்பெண்ணைப் படம் எடுத்துவிட்டு வெளியே வந்தால் லென்ஸில் மூச்சு விட்டதுபோல் புகார் படியும். துடைக்கத் துடைக்க மேலும் படியும். பொறுமையாக நிற்பது ஒன்றே வழி. ஒரு முறை மேடையில் இரண்டு குடும்பமும் சிரித்தபடி காத்திருக்க, நான் கமெராவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. என்னோடு வேலைக்கு வரும் வீடியோக்காரர் சிவம் அண்ணன் சபையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கமெராவுக்குக் கூதல் விடட்டாம், எல்லாரும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

மாமியின் வைத்தியம்

ஏறாவூரில் சஹீனாவின் கல்யாணம். அவள் வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. லீவில் வந்தவர் மறுநாளே திரும்ப வேண்டும். அவள் வளர்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. "மத்தப் படம் எது பிழையாப் போனாலும் பரவால்ல அக்கா, வாப்பாவோட எடுக்கிறது மட்டும் பிழையாப் போகப்படாது" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அதனால் காலையில் ரோலின் முதல் படமாகவே அதை எடுத்தேன். வெட்கத்தில் விறைத்து நின்ற மனிதர், கடைசி நொடியில் மகளின் தலையில் கையை வைத்தார். அந்த நொடி எனக்குக் கிடைத்தது.

அன்று பெய்த மழையில் பெண்கள் பக்கம் ஓடி ஓடி எடுத்ததில் கமெரா வெளியே ஈரமாகிவிட்டது. துணியில் சுற்றி, சஹீனாவின் மாமியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாலு பேரோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவிக்கொண்டு வந்தால், மாமி சாம்பிராணிச் சட்டிக்கு மேலே கமெராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தலைக்குக் குளித்த பிள்ளைக்குக் கூந்தல் காய வைப்பது போல. கமெராவின் முதுகு ஆவென்று திறந்து கிடக்கிறது. வெளிச்சம் பட்டால் பிலிம் முடிந்தது. பாய்ந்து மூடினேன். மாமி என்னைத் தேற்றினார்: "பயப்படாத மகள், புகை உள்ளுக்கும் போகட்டும் எண்டுதான் மூடியத் துறந்து புடிச்சன்."

கழுவிப் பார்த்தது

குளியலறையில் பிலிமைக் கழுவும்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. எடுத்த பிலிம் சுருளாகச் சுற்றும். முதல் படம் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒளிந்திருக்கும். தொங்கவிட்டுப் பார்த்தேன். பின்னால் எடுத்தது எல்லாம் கரிக்கட்டை. முதல் படம் இருந்தது! வாப்பாவின் கையும் இருந்தது. தாளில் அச்சுப் போட்டபோது, பிலிம் ஓரத்து ஓட்டைகள் வழியாகக் கசிந்த வெளிச்சம் மட்டும் மேலிருந்து வெள்ளை வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது.

படத்தை ஏறாவூருக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். சஹீனா நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எந்தப் போனிலும் வரக் கூடாது என்று என்னைக் கூப்பிட்ட அதே பெண், தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்பினாள். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாப்பாவின் குரல் வந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு: "வீட்டுக்குள்ள எடுத்த படத்தில எப்பிடி மகள் மழை பெய்யுது? பரவால்ல, இஞ்ச மழையே இல்ல, இதப் பாத்துக்கிட்டு இரிக்கன்."

இத்தனை மாரியும் ஒரு துளி உள்ளே போகாமல் கமெராவைப் பொத்திப் பொத்திக் காத்தவள் நான், ஆனால் இதுவரை என் படத்தில் உருப்படியாகப் பெய்த ஒரே மழை மாமி உள்ளே விட்டதுதான்.