கேட் பெட்டிக்குள் அடித்த போன்கள்

இன்று செவ்வாய், காலை 8.40. கோவில்பட்டிக்குள் நுழைந்த எங்கள் பஸ்ஸை நான்கு தீயணைப்பு வண்டிகளும் மூன்று ஆம்புலன்ஸ்களும் முந்திப் போயின.

எங்கே தீ என்று நான் போனில் தேடினேன். பக்கத்து சீட் அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தீப்பெட்டி ஆலையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாவ தம்பி. கேட்ல பெட்டியில போட்டுட்டுத்தான் போவணும்."

"பிறகு எதுக்குக்கா அடிக்கீங்க?"

"சும்மா உக்காந்திருக்கச் சொல்லுதியா?"

திரும்பினால், பாதி பஸ் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

கடைசியில் ஓர் ஆண் குரல் எடுத்தது. "வாட்ச்மேன் பேசுதேன். தீயெல்லாம் இல்லம்மா, ஒத்திகை நடக்கு. பிள்ளைக எல்லாம் வெளிய நின்னு சிரிச்சிக்கிட்டு இருக்காவ. போனை வைங்க, இங்கன பெட்டியே குதிக்கி!"

அக்கா எழுந்து பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "ஒத்திகையாம்!" பிறகுதான் அழுதார்.

இத்தனை வண்டிகளை வரவழைத்தவர்களுக்கு, வேலை செய்பவர்களின் வீட்டாரிடம் முந்தின நாளே சொல்லத் தோன்றவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஆலை அலுவலகத்தில் போய் இதையே நேரில் சொல்வது.
2. வாட்ச்மேன் நம்பரை வாங்கி அக்காவுக்குக் கொடுப்பது.
3. மணிக்கட்டுக்குத் தைலம் தேய்ப்பது. நல்ல தைலம் தெரிந்தவர்கள் கீழே சொல்லவும்.